அப்பாவின் கேஸ் பேப்பரும் அம்மாவின் ஞாபகமும்

உங்கள் கேள்வியை மூன்று தடவை வாசித்தேன். நான் விளங்கிக்கொண்டது இது. உங்கள் அப்பா 1989இல் கனடாவுக்குப் போனவர், போன வருடம் ரொறன்ரோவில் காலமானார். தம்பி அனுப்பிவைத்த பெட்டியில் பழைய கடிதங்களோடு அவருடைய அகதி விண்ணப்பத்தின் பிரதியும் இருந்தது. 1987இல் வடமராட்சியில் ஆமி தன்னைப் பிடித்துப் பூசா தடுப்பு முகாமில் வைத்திருந்ததாக அப்பா அதில் சொல்லியிருக்கிறார். அம்மாவோ, "அவரை ஆர் பிடிச்சது? பெரியண்ணரைத்தான் கொண்டுபோனவங்கள்" என்று உங்கள் பெரியப்பாவைச் சொல்கிறா. குடும்பத்தின் கதையை எழுதத் தொடங்கியிருக்கிற நீங்கள், இரண்டில் எதை எழுதுவது, எழுதினால் தம்பிக்கு அங்கே பிரச்சினை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இடையில் ஒரே வரியில் வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். முதல் கேஸ் நிராகரிக்கப்பட்டு எல்லாம் பிந்தியது, 1998இல்தான் அப்பாவுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது, அதற்குள் உங்களுக்கு 19 வயது தாண்டிவிட்டது, தம்பி மட்டும் போனான், அம்மா உங்களுக்காகக் கொழும்பில் வெள்ளவத்தையிலேயே நின்றுவிட்டா. அப்பா சொன்ன ஒரு பொய்யால்தான் நான் இங்கே நின்றுபோனேனா என்பதுதான் உண்மையில் நீங்கள் கேட்க நினைத்தது என்று எனக்குப் படுகிறது. அதையே முன்னால் வைத்துப் பதில் சொல்கிறேன்.

முப்பது வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், சிறையில் இருந்து எழுதியது, சிறையில் இருந்தவரைப் பற்றி மனைவி எழுதியது என்று இந்த வகைக் காகிதங்கள் ஆயிரக்கணக்கில் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் அப்பாவின் பேப்பரை நான் பார்த்ததும் இல்லை. ஒரு அகதி வாக்குமூலம் எப்படி உருவாகிறது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

நம் பேச்சுத் தமிழில் யார், யாரை என்பதை அநேகமாகச் சொல்வதே இல்லை. "விடியப்புறம் வந்து பிடிச்சுக்கொண்டு போனவங்கள், ஏழு மாசம் வச்சிருந்தவங்கள்." ஒரு குடும்பத்துக்குள் இதைச் சொன்னால் ஒருவருக்கும் குழப்பம் வராது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது எல்லோருக்கும் முதலிலேயே தெரியும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த இடம் வெறுமையாக இருக்க முடியாது. 'என்னை', 'அவரை', 'எங்களை' என்று ஏதாவது ஒன்றை மொழிபெயர்ப்பாளர் போட்டே ஆகவேண்டும். முன்னால் இருக்கிற மனிதர் தன் கேஸைச் சொல்ல வந்திருப்பதால் கை தானாக 'என்னை' என்று எழுதிவிடும். நானே எழுதியிருக்கிறேன். 1996இல் ஒரு பெண் வந்தா. ஐரோப்பாவில் இருந்த கணவரின் கேஸுக்கு உதவியாக இங்கிருந்து அனுப்பவேண்டிய சத்தியக் கடதாசி. "இரவு வந்து கூட்டிக்கொண்டு போய் விடிய விட்டவங்கள், அடிச்சிருந்தது" என்று எழுதிக் கொண்டுவந்திருந்தா. தன்னைத்தான் சொல்கிறா என்று எடுத்துக்கொண்டு அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். உண்மையில் கூட்டிப்போனது அவவின் தம்பியை. கணவர் அங்கே விசாரணையில் மச்சானை என்று சரியாகச் சொல்லியிருக்கிறார், என் காகிதம் மனைவியை என்று சொன்னது. ஆறு மாதம் கழித்து நிராகரிப்புக் கடிதத்தோடு வந்து என் முன்னால் இருந்தா. கோபப்படவில்லை. "ஏன் ஐயா இப்படி எழுதினீங்கள்?" என்று மட்டும் கேட்டா. 'ஆரை?' என்று ஒரு சொல் நான் கேட்டிருந்தால் போதும். அதற்குப் பிறகு எழுவாய் இல்லாத ஒரு வசனத்தையும் நான் கேள்வி கேட்காமல் விட்டதில்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு நடந்ததை என்னால் திருத்திக் கொடுக்க முடியவில்லை.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அப்பாவின் பேப்பருக்கு வாருங்கள். 1987 மே 26ஆம் திகதி வடமராட்சியில் இலங்கை இராணுவத்தின் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' நடவடிக்கை தொடங்கியது. இராணுவம் ஊர்களுக்குள் வந்தபோது இளைஞர்களையும் நடுவயது ஆண்களையும் கூட்டமாகச் சேர்த்து, விசாரித்து, ஒரு பகுதியினரை விட்டுவிட்டு, பெருந்தொகையானோரைக் கப்பலில் ஏற்றி காலிக்குப் பக்கத்தில் இருக்கும் பூசா முகாமுக்கு அனுப்பியது. இதில் சந்தேகம் இல்லை. உங்கள் அப்பாவும் பெரியப்பாவும் அந்த வயதுக்காரர்கள், கரவெட்டிக்காரர்கள். அந்த நாட்களில் ஊரில் இருந்திருந்தால் இருவரையுமே கூப்பிட்டிருப்பார்கள். ஒருவரை அன்றைக்கே விட்டிருக்கலாம், மற்றவர் பூசாவுக்குப் போயிருக்கலாம். உங்கள் அம்மாவின் கணக்கில் ஒரு நாள் வெயிலில் இருத்திவிட்டு அனுப்பியது 'பிடிச்சது' ஆகாது. பூசாவுக்குப் போனதுதான் பிடிச்சது. அப்பா விசாரணை அறையில் "எங்களைப் பிடிச்சவங்கள், பூசாவுக்குக் கொண்டுபோனவங்கள்" என்று சொல்லியிருந்தால், இரண்டு பேரின் கதையும் ஆங்கிலத்தில் ஒரே ஆளுடையதாகிவிடும். அடுத்த சிக்கல் 'ஆமி' என்ற சொல். 1987 மே மாதத்தில் அது இலங்கை இராணுவம், அதே வருடம் ஒக்டோபருக்குப் பிறகு இந்திய இராணுவம். நாங்கள் இரண்டையும் ஆமி என்றுதான் சொன்னோம். பேப்பரில் எந்த மாதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

மற்றொரு சாத்தியத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர்களும், அங்கே முன்னால் போனவர்களும் கதை சொல்லிக்கொடுத்து அனுப்பியது நடந்திருக்கிறது. "உனக்கு நேரே ஒன்றும் நடக்கவில்லை என்றால் கேஸ் நிற்காது, அண்ணருக்கு நடந்ததை உனக்கு நடந்ததாகச் சொல்லு." இதைச் சொன்னவர்கள் எல்லோரையும் கெட்டவர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனம் இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களில் ஒன்றால் வரும் துன்புறுத்தலுக்கான அச்சத்தைக் கேட்கிறது. விசாரிக்கிறவர்கள் அநேகமாக அதை 'உனக்கு என்ன நடந்தது' என்ற ஒரே கேள்வியாகச் சுருக்கிவிட்டார்கள். குண்டு விழுந்தது ஊருக்கு, பிடிபட்டது வீட்டுக்கு ஒருவர், பயந்தது எல்லோரும். அதை ஒரு ஆளின் வாயில் ஒரே ஆளின் கதையாகக் கேட்டார்கள். உங்கள் அப்பா அண்ணனின் கதையைத் தெரிந்தே எடுத்துச் சொல்லியிருந்தால், அது சட்டப்படி தவறான தகவல்தான். அதை நான் வேறு பெயரில் அழைக்கமாட்டேன். ஆனால் அந்த அண்ணனுக்கு அது நடந்தது உண்மை, அடுத்தது தனக்கு என்று அவர் பயந்ததும் உண்மை. மூன்றாவதாக, அம்மாவுக்குத் தெரியாமலே ஏதோ நடந்திருக்கவும் கூடும். வாங்கிய அடியை மனைவியிடம் சொல்லாமலே இறந்துபோன ஆண்கள் எங்கள் தலைமுறையில் நிறையப் பேர். என்னைக் கேட்டால் இரண்டு பேரின் கதை ஒன்றாகக் கலந்தது என்ற பக்கமே மனம் சாய்கிறது. அது என் ஊகம், அதற்கு மேல் இல்லை.

திகதிகள் பிழைத்திருந்தால் அதற்காக மட்டும் யாரையும் பொய்யர் என்று எண்ணாதீர்கள். பிரிட்டனில் கொசோவோ, பொஸ்னியா அகதிகள் 39 பேரை இரண்டு தடவை பேட்டி கண்டு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2002இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்' இதழில் வந்தது. அவர்கள் ஏற்கெனவே அனுமதி பெற்றவர்கள், பொய் சொல்ல ஒரு தேவையும் இல்லை. அப்படியிருந்தும் இரண்டு பேட்டிகளுக்கிடையே விபரங்கள் மாறியிருந்தன, நிகழ்வின் ஓரத்தில் இருந்த சின்ன விபரங்களில் அது கூடுதல். நம் ஊரில் இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. "ஆடி மாசம்" என்றால் ஜூலை நடுப்பகுதியில் இருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை. மொழிபெயர்ப்பாளர் ஜூலை என்று எழுதிவிடுவார். "நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல்" என்று சொன்னதை எந்தத் திகதியாக ஆக்குவது? இருந்தாலும் இந்த ஆய்வு திகதியும் சின்ன விபரமும் எப்படித் தடுமாறும் என்பதைத்தான் விளக்கும். ஒரு ஆளுக்குப் பதில் இன்னொரு ஆள் எப்படி வந்தார் என்பதை விளக்காது. அதை அதற்குள் திணிக்கவேண்டாம்.

சரி, அந்தப் பொய்யால்தானா, அது பொய்யாகவே இருந்தாலும், முதல் கேஸ் விழுந்தது? இதற்கு ஊகம் தேவையில்லை, காகிதமே சொல்லும். கனடாவில் அகதிக் கோரிக்கையை நிராகரிக்கும்போது எழுத்தில் காரணம் கொடுக்கவேண்டும். பெட்டியில் சில பக்க ஆங்கிலத் தீர்ப்பு ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அப்பாவின் அப்போதைய வழக்கறிஞரிடம் கோப்பு இருக்கிறதா என்று தம்பி விசாரிக்கலாம். அதை வாசிக்கும்போது 'நம்பகத்தன்மை' என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். 'உள்நாட்டில் மாற்றிடம்' என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். தொண்ணூறுகளில் தமிழர்களின் கோரிக்கைகளில் அடிக்கடி எழுந்த வாதம் அது. வடக்கில் ஆபத்து இருக்கலாம், ஆனால் நீ கொழும்பில் போய் இருந்திருக்கலாமே என்பார்கள். கனடாவின் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் இரசரத்தினம் வழக்கிலும் 1993இல் திருநாவுக்கரசு வழக்கிலும் ஆராய்ந்தது இந்தக் கேள்வியைத்தான். இரண்டும் இலங்கைத் தமிழர்களின் வழக்குகள், இரண்டிலும் பேசப்பட்ட ஊர் கொழும்பு. மாற்றிடம் என்பது வெறும் ஏட்டில் இருந்தால் போதாது, அந்த ஆள் நிஜமாகவே போய் வாழக்கூடியதாக இருக்கவேண்டும் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. அது சொல்லிய பிறகும் கொழும்பைக் காட்டி நிராகரித்த தீர்ப்புகளின் பிரதிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. உங்கள் அப்பாவின் தீர்ப்பிலும் அந்த வரி இருந்தால், நீங்கள் இங்கே நின்றுபோனதற்கு அப்பாவின் வாக்குமூலத்தைவிட அந்த வரிதான் காரணமாக இருக்கும்.

அப்படி இருக்குமானால் உங்கள் புத்தகத்தின் நடு அதுதான் என்று சொல்வேன். அப்பா பாதுகாப்பாக இருந்திருக்கலாம் என்று அங்கே எழுதிய கொழும்பில் நீங்கள் உண்மையாகவே வாழ்ந்திருக்கிறீர்கள். 1994இல் கிளாலிக் கடலைப் படகில் தாண்டி, வவுனியாவில் காத்திருந்து, 15 வயதில் கொட்டாஞ்சேனை லொட்ஜுக்கு வந்தோம் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். வந்தவுடன் பொலிஸில் பதிந்தீர்களா? இரவுச் சுற்றிவளைப்பில் டோர்ச் அடித்து அடையாள அட்டை கேட்டபோது கதவைத் திறந்தது யார், நீங்களா அம்மாவா? 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்த அன்று எங்கே நின்றீர்கள்? அதற்குப் பிறகு வீட்டுக்காரர் என்ன சொன்னார், எத்தனை மாத முற்பணம் கேட்டார்? காலி வீதியில் எந்தக் கொமியூனிக்கேஷன் கடையில் அப்பாவின் கோலுக்காகக் காத்திருந்தீர்கள், முதலில் ரிசீவரை வாங்கியது யார்? 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்து 370க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அன்றிரவு உங்கள் ஒழுங்கையில் என்ன பேசிக்கொண்டார்கள்? இவற்றை அறிந்தவர்கள் நீங்களும் அம்மாவும்தான். அப்பாவின் பேப்பரில் இவை இல்லை.

19 வயது விஷயமும் அப்படித்தான். அப்போதைய கனடாச் சட்டத்தில், குடும்பத்தோடு போகக்கூடிய பிள்ளை 19 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளை. அதைத் தாண்டியவர் என்றால் இடைவிடாமல் முழுநேரம் படித்துக்கொண்டு, பெற்றோரின் செலவில் இருப்பவராக இருக்கவேண்டும். நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: "இன்றைக்கோ நாளைக்கோ போய்விடுவோம் என்று என்னைக் கொழும்பில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை." அந்த ஒரு முடிவு இரண்டாவது கதவையும் மூடிவிட்டது. எடுத்தவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் பெட்டி கட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திய வீடுகள் எத்தனையோ. பிறகு 2002இல் அந்த வயதெல்லை 22 ஆனது, 2014இல் மறுபடி 19, 2017இல் மறுபடி 22. மூன்று தடவை மாறிய ஒரு எண். உங்கள் குடும்பம் பிரிந்ததற்கு இந்த எண்ணும் ஒரு காரணம், அதில் அப்பாவுக்குக் கையே இல்லை. இது உறுதியானது, எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுங்கள்.

இனி எழுதும் முறை. அம்மா சொல்வதை அம்மாவின் வாக்கியத்திலேயே, யார் யாரை என்று நீங்கள் நிரப்பாமல் எழுதிவையுங்கள். அப்பாவின் பேப்பரில் உள்ள வரியைப் பக்கத்தில் வையுங்கள். அவை ஒத்துவரவில்லை என்பதையும் எழுதுங்கள். ஒன்றுக்காக மற்றதைத் திருத்தினால் இரண்டு பேரில் ஒருவரை நீங்களே பொய்யராக்கி விடுவீர்கள். சரிபார்க்கக் கூடியதைச் சரிபாருங்கள். 1991இல் யாழ்தேவியில் வந்ததாக யாராவது சொன்னால் அது பிழை, யாழ்ப்பாண ரயில் 1990இல் நின்றுவிட்டது. ஆனால் அதை வெட்டி எறியாதீர்கள், அது வேறு வருடத்துப் பயணமாக இருக்கும். பழைய வீரகேசரி, தினகரன் இதழ்களைக் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் கூடத்தில் பார்க்கலாம். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகமும் உங்களுக்கு நடை தூரம். நிறைய ஈழத்துப் பத்திரிகைகளையும் நூல்களையும் நூலகம் நிறுவனம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அம்மாவிடம் கேட்பதற்கு போனை முன்னால் வைத்துப் பதியாதீர்கள். மரக்கறி வெட்டும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள். அப்பாவைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள்.

தம்பி விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. தவறான தகவல் கொடுத்துப் பெற்ற அந்தஸ்தை, குடியுரிமையைக்கூட, கனடாச் சட்டப்படி ரத்துச் செய்ய முடியும். இத்தனை வருடம் கடந்தால் முடியாது என்ற கால எல்லை அதற்கு இல்லை. இறந்துபோன தகப்பனின் வாக்குமூலத்தை வைத்து, பிள்ளையாக வந்த மகன்மேல் கை வைப்பார்களா என்பது ஒரு வழக்கறிஞர் கோப்பைப் பார்த்துச் சொல்லவேண்டியது. ஆகவே எழுதுவதை நிறுத்தவேண்டாம், ஆனால் அச்சுக்கோ இணையத்துக்கோ கொடுக்கமுதல் ஒன்ராறியோவில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் தம்பியே போய்க் கேட்கட்டும். அவர் சொல்வதைத் தம்பி ஏற்காவிட்டால் அந்த அத்தியாயம் பெட்டிக்குள் இருக்கட்டும். அதைத் தீர்மானிக்கும் உரிமை, அங்கே வாழ்கிற அவருக்குத்தான் கூடுதல். இங்கேயும் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது இன்னும் நிற்கிறது. ஆயுத இயக்கத்தோடு தொடர்புபடுத்தி யாருடைய உண்மைப் பெயரையும் எழுதாதீர்கள், அவர் இறந்தவராக இருந்தாலும் அவருக்குப் பிள்ளைகள் இருப்பார்கள்.

பெரியப்பா இல்லை, ஆனால் பெரியம்மா இன்னும் கரவெட்டியில் இருக்கிறா என்று எழுதியிருந்தீர்கள். அவவுக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். தீர்ப்பைத் தேடுவதற்கு முன் அவவிடம் போய்வாருங்கள். கொழும்புக் கோட்டையில் காலையில் யாழ்தேவி ஏறினால் கொடிகாமத்தில் இறங்கி நெல்லியடிப் பக்கம் போகும் பஸ் பிடிக்கலாம். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பாவைப் பிடித்தார்களா என்று கேட்கவேண்டாம். ஆமி ஊருக்குள் வந்த அன்று காலையில் வீட்டில் யார் யார் இருந்தவை, பின்னேரம் யார் யார் திரும்பி வந்தவை என்று மட்டும் கேளுங்கள். அவ ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணும்போது இடையில் பேசாமல் இருங்கள்.